மூச்சு மன்னனின் இரண்டாம் பாகம்

என் கணவர் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கஞ்சியை வாயில் அடக்கிக்கொண்டு விழுங்க முடியாமல் திணறுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கவாதம் வந்தவருக்குப் புரையேறினால் ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். பதறிப்போய் அவர் கன்னத்தை அழுத்தினேன். புஸ்ஸென்று காற்று வந்தது. கஞ்சி இல்லை.

அவர் என்னை முறைத்தார். மறுபடியும் உப்பிக்கொண்டார்.

அப்புறம்தான் அவர் கண் போன இடத்தைப் பார்த்தேன். என் மடியில் ஒரு பழைய தமிழ் காமிக்ஸ் விரிந்து கிடந்தது. அதன் கடைசிப் படத்தில் ஒல்லியான ஒரு ஆள், கன்னம் இரண்டும் பலூனாக, கண் சிவந்து நின்றான். என் கணவர் அவனைப் போலவே செய்துகொண்டிருந்தார்.

வலது கையும் காலும் போய், பேச்சும் போய், மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். ஊட்டினால் வாயைத் திறப்பார், துடைத்தால் முகத்தைக் கொடுப்பார். அவராக ஒரு காரியம் செய்து நான் பார்த்தது அன்று சாயங்காலம்தான். வெளியே, பெங்களூருக் கோடியில் இருக்கிற எங்கள் சந்தாபுரா சர்க்கிளில் லாரிக்காரர்கள் ஹாரனை அமுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் புத்தகத்தை மூடாமல் அழுதேன்.

சென்ற வாரம் என் டெலிபோன் ஆபரேட்டர் வேலையைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகி, “உங்கள் வீட்டுக்காரர் கதையில் வரவே மாட்டாரா?” என்று கேட்டிருக்கிறார். வருவார் அம்மா. அவரைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தது நான்தான். இந்த வாரம் அவருடையது. அவருடையதும், அந்தக் கன்னம் உப்பிய ஆளுடையதும்.

லாஃப்ட்டில் இருந்தவர்கள்

அவர் பெயர் ஏகாம்பரம். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். கல்யாணமான புதிதில் நாங்கள் அல்சூரில் குடியிருந்தோம். வேலை முடிந்து வரும்போது அவருடைய டிபன் பையில் ஒரு காமிக்ஸ் சுருண்டு கிடக்கும். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் வாங்குவார். சாம்பார் கறை படாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டிருப்பார்.

“மீசை வெச்ச கொழந்தைய என் தலைல கட்டிட்டாங்க” என்று நான் என் தங்கைகளிடம் சொல்லிச் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். கோபமே வராத ஜாதி. சில நாள் கதையை எனக்குச் சொல்ல ஆரம்பிப்பார். “சோறு ஆறுது, அப்புறம் சொல்லுங்க” என்பேன். அப்புறம் என்று ஒன்று வரவேயில்லை.

சந்தாபுராவில் இந்த ஃப்ளாட்டுக்கு வந்தபோது அத்தனை காமிக்ஸும் ஒரு பழைய சூட்கேஸில் லாஃப்ட்டுக்குப் போயின. பாத்ரூமுக்கு மேலே, ஒரு கிறிஸ்துமஸுக்கு வாங்கின காகித நட்சத்திரத்துக்கும் உடைந்த மிக்ஸிக்கும் நடுவில்.

பக்கவாதம் வந்தது ஒரு காலை நேரத்தில். ஷேவ் செய்துகொண்டிருந்தவர் பாதி முகத்தில் சோப்போடு வந்து கதவருகே நின்றார். என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. தனக்கு ஏன் வரவில்லை என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்ததை முகத்தில் பார்த்தேன். அந்தப் பாதிச் சோப்பு முகம்தான் இன்றைக்கும் எனக்குக் கனவில் வருகிறது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சேலத்துக்காரி. சின்ன வயது, பொறுமைசாலி. “அவருக்கு என்னம்மா புடிக்கும்? அத தெனம் வாசிச்சுக் காட்டுங்க. காது வழியாத்தான் வாய்க்குப் போவணும்” என்றாள்.

பேப்பர் வாசித்தேன். கொட்டாவி விட்டார். கந்த சஷ்டி கவசம் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டார். கிரிக்கெட் ஸ்கோர் வாசித்தேன், அதை வாசிக்க எனக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வைட்ஃபீல்டிலிருந்து வந்த என் மகள் கவிதாதான் ஸ்டூல் போட்டு ஏறி அந்தச் சூட்கேஸை இறக்கினாள்.

“இத வாசிம்மா. அப்பாக்கு இதத்தவிர என்னா புடிச்சிருக்கு இந்த வீட்ல?” என்றாள்.

என்னைக் குத்துவதற்காகச் சொன்னாளா என்று தெரியாது. குத்தியது.

விழுவதை நிறுத்துகிறவன்

காமிக்ஸை வாய்விட்டு வாசித்திருக்கிறீர்களா? அது ஒரு பெரிய பாடு. பேச்சு இரண்டு வரி, மிச்சமெல்லாம் படம். “இப்ப ஒரு குண்டு ஆளு ஓடறான். இங்க என்னவோ வெடிக்குது. டமால்னு போட்டிருக்கு. டமால்!” என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். முப்பது வருஷம் டெலிபோனில் குரலைக் காப்பாற்றி வந்தவள், ‘ணங்’, ‘சதக்’, ‘ஐயோ அம்மா’ என்று கத்திக்கொண்டிருந்தேன். புத்தகத்தை அவருக்கு இடப் பக்கமாகத்தான் பிடிக்க வேண்டும். வலப் பக்கம் இருப்பது எதுவும் அவருக்கு உலகத்திலேயே இல்லை.

சூட்கேஸில் பெரிய பெரிய வீரர்கள் இருந்தார்கள். குதிரை ஏறுகிறவர்கள், விமானம் ஓட்டுகிறவர்கள், கையால் இரும்பைப் பிளக்கிறவர்கள். யாருக்கும் அவர் அசையவில்லை. அடியில், அட்டை பிய்ந்து, ரப்பர் பேண்டு ஒட்டிப்போய்க் கிடந்தது ‘மூச்சு மன்னன்’.

பெயரைப் பார்த்ததும் யோகாசனப் புத்தகம் என்று ஒதுக்கப் போனேன்.

இந்த மன்னனுக்குக் கிரீடம் கிடையாது, முகமூடி கிடையாது. ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. சட்டைக்கு மேலே கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரியும். அவனுக்கு இருக்கிற சக்தி ஒன்றே ஒன்று. அவன் மூச்சை அடக்கினால், விழுகிற எதுவும் அந்தரத்தில் நின்றுவிடும். மூச்சை விட்டால் விழும். அவ்வளவுதான். பறக்க மாட்டான், அடிக்க மாட்டான். எதிரிகளுக்கு இது தெரியும், அதனால் மிளகுப் பொடியைத் தூவுவார்கள். ஒரு கதையில் பாவம், அவனுக்கு ஜலதோஷம்.

நான் சிரித்தேன். இரண்டாம் தடவை வாசித்தபோது சிரிப்புக் குறைந்தது. அதற்குப் பிறகு என்னை அறியாமலே அவன் கட்சிக்குப் போய்விட்டேன்.

ஏனென்று யோசித்துப் பார்த்தேன். அவனால் எதையும் தடுத்துவிட முடியாது. கொஞ்ச நேரம் தள்ளிப்போடத்தான் முடியும். அதற்குள் மற்றவர்கள் ஓடிப் பிழைத்துக்கொள்ள வேண்டும். அது எனக்குத் தெரிந்த வேலையாக இருந்தது. குக்கர் மூடி கை தவறியபோது நானும் மூச்சை அடக்கிப் பார்த்தேன். மூடி விழுந்து நசுங்கியது. அறுபது வயதுக்கு மேல் ஒரு காமிக்ஸ் ஹீரோவுக்கு ரசிகையாவது என்றால் இப்படித்தான், வெளியில் சொல்லிக்கொள்ள முடியாது.

கடைசிக் கதைதான் முக்கியம். ஒரு சினிமா தியேட்டர். பால்கனி இற்றுப்போய்க் கீழே சரிகிறது. கீழே பெஞ்சு டிக்கெட்டில் நம் ஆள். மூச்சை அடக்குகிறான். பால்கனி அந்தரத்தில் நிற்கிறது. ஜனங்கள் முண்டியடித்து வெளியே ஓடுகிறார்கள். ஒரே ஒருவன் மட்டும் போகாமல், சரியாக பால்கனிக்குக் கீழே, நாற்காலிக்கு அடியில் குனிந்து தன் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறான். போடா என்று கத்தவும் முடியாது. வாயைத் திறந்தால் மூச்சு போய்விடும், பால்கனி இறங்கிவிடும். கன்னம் உப்ப, கண் சிவக்க, மூச்சு மன்னன் அவனைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். கீழே ‘தொடரும்’.

எத்தனை தடவை வாசித்தாலும் அந்தச் செருப்புக்காரன் மேல் எனக்கு ஆத்திரம் வரும். “சனியனே, வீட்டுக்குப் போய் வேற செருப்பு வாங்கிக்கடா” என்று திட்டுவேன். என் கணவர் கன்னத்தை உப்பிக்கொண்டிருப்பார்.

மொக்கை ஹீரோ

சூட்கேஸைத் தலைகீழாகக் கொட்டியும் இரண்டாம் பாகம் இல்லை. தமிழ் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த வலி தெரியுமாம். ‘தொடரும்’ என்று போடுவார்கள். அடுத்த இதழ் வருவதற்குள் பதிப்பகம் நின்றுபோயிருக்கும், அல்லது அவர்கள் மறந்துபோயிருப்பார்கள். வாசகன் மறக்க மாட்டான். இவ்வளவு வருஷமாக என் வீட்டு லாஃப்ட்டில் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்திருக்கிறான், நான் கீழே குளித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் கன்னம் உப்பிய விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். “மூச்சுதாம்மா குரலு. அடக்கறாரு, விடறாரு இல்ல? ஒரு வார்த்த வந்துடும் பாருங்க” என்றாள்.

ஒரு வார்த்தை. எனக்கு அதற்குமேல் ஆசை இல்லை. ‘தண்ணி’ என்றால் போதும். ‘வசந்தி’ என்று என்னைக் கூப்பிட்டுவிட்டால் ஜென்மம் முழுக்கப் போதும். அடுத்த பாகம் கிடைத்தால் அவருக்கு அந்த வார்த்தை வந்துவிடும் என்று எனக்குள் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. வைத்தியம் எல்லாம் கைவிட்ட வீட்டில் இப்படி ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். சிலர் வேப்பிலை, சிலர் தாயத்து. நான் இரண்டாம் பாகம்.

கவிதா என்னை ஒரு வாட்ஸாப் குழுவில் சேர்த்துவிட்டாள். தமிழ் காமிக்ஸ் ரசிகர்கள். எல்லாம் தலை நரைத்த பையன்கள். ‘புது வாசகி, வணக்கம்’ என்று எழுதி, மூச்சு மன்னன் இரண்டாம் பாகம் யாரிடமாவது உண்டா என்று கேட்டேன்.

‘அந்த மொக்கை ஹீரோவா?’ என்று ஒருவர். சிரிக்கிற முகம் வரிசையாகப் போட்டார்கள். ‘அது ஒரு இதழோட செத்துப்போச்சு மேடம்’ என்று இன்னொருவர்.

எனக்கு வந்த கோபம்! ‘உங்கள் ஹீரோக்கள் எல்லாம் அடித்து ஜெயிக்கிறவர்கள். அடிக்கவே தெரியாதவன் ஜெயித்தால்தான் ஐயா வீரம்’ என்று எழுதினேன். பிறகு யாரோ பொங்கல் வாழ்த்துப் போட்டார்கள்.

அடுத்த வாரம் தனியாக ஒரு செய்தி வந்தது. அத்திபெலேயில் பெயின்ட் கடை வைத்திருக்கும் செல்வம். ‘அம்மா, எங்கிட்ட ரெண்டாம் பாகம் இருக்கு. ஆனா கன்னடம்.’

பஸ் பிடித்துப் போனேன். தின்னர் நாற்றத்துக்கு நடுவில் அவர் ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து வந்தார். அதே கதையைக் கன்னடத்தில் யாரோ போட்டிருக்கிறார்கள். அங்கே அவன் பெயர் ‘வாயுவீரா’. பெயரைக் கேட்டால் நம் ஊரில் ஓமவாட்டர் கொடுப்பார்கள்.

“பழைய புத்தகம் கட்டா வாங்கனதுல தெரியாம வந்துச்சும்மா. படத்த மட்டும் பாத்திருக்கேன். எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது” என்றார்.

“படத்துல என்னா ஆவுது?”

“கடசி பக்கத்துல ஒரே தூசியா வரஞ்சிருக்காங்க. எவனோ ஒருத்தன் தெருவுல நிக்கறான், யாருன்னு வெளங்கல. நீங்களே எடுத்துட்டுப் போங்க. இத்தன வருஷத்துல அவனப் பத்திக் கேட்ட மொத ஆளு நீங்கதான்.”

எங்கள் ரகசிய பாஷை

எனக்கும் கன்னடம் படிக்க வராது. இதே ஊரில் பிறந்து, கன்னடம், தமிழ், தக்கனி உருது மூன்றிலும் ‘லைன்ல இருங்க’ என்று சொல்லியே ரிட்டயர் ஆனவள். பஸ் போர்டைக்கூட நம்பரை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். எங்களைப் போன்ற கன்டோன்மென்ட் தமிழர்களில் பாதிப் பேர் இப்படித்தான். நாக்குக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியாது.

எதிர்வீட்டு மஞ்சுளாவுக்குத் தெரியும். மண்டியாக்காரி, வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். மத்தியானம் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, அவரை நாற்காலியிலிருந்து தூக்கக் கை கொடுப்பாள். அவளோடு நான் பேசுவது கன்னடம்தான். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவருக்கு ஒரு சோதனை வைத்தார்கள். படங்களைக் காட்டி, தண்ணீர் எது, கடிகாரம் எது என்று தமிழில் கேட்டார்கள். இடது கையால் சரியாகத் தொட்டார். அதையே ஒரு நர்ஸ் கன்னடத்தில் கேட்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று முறை கேட்டும் அப்படியே. “சில பேருக்கு அப்புறமா கத்துக்கிட்ட பாஷ அழிஞ்சிடும்மா. வீட்ல தமிழ்லயே பேசுங்க” என்றார்கள்.

முப்பது வருஷம் கன்னடக்காரர்களோடு வேலை செய்தவர். என்னைவிட நல்ல கன்னடம் பேசுவார். அது போய்விட்டது என்று அன்றைக்கு முடிவு கட்டினோம். மறுபடி யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

அதனால் எங்கள் வீட்டில் அது ரகசிய பாஷையாகிவிட்டது. அவர் காதில் விழக் கூடாதது எல்லாம் கன்னடத்தில் போயிற்று. பால்கனிக்குப் போகக்கூட வேண்டியதில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டு பேசுவேன். பக்கவாதம் இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். ஏதாவது ஒரு ஹோமில் விட்டுவிடலாம் என்று கவிதா கேட்பதையும், நான் யோசிக்கிறேன் என்பதையும் சொன்னேன்.

ஒரு நாள் அவர் இரவெல்லாம் படுக்கையை நனைத்து, நான் துவைத்துத் துவைத்து இடுப்பு விட்டுப்போய், மஞ்சுளாவைப் பார்த்ததும் உடைந்துவிட்டேன். “நனகெ சாக்காகிதெ, மஞ்சுளா” என்றேன். எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடவுள் சீக்கிரம் அழைத்துக்கொண்டால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி என்றும் சொன்னேன். நான் எவ்வளவோ பேரின் பேச்சு அடுத்த லைனில் கேட்காதபடி பிரித்து வைத்தவள். இந்த லைனும் பிரிந்துதான் இருக்கிறது என்று நம்பினேன்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

மஞ்சுளா வாசித்தது

திட்டம் இதுதான். மஞ்சுளா முதலில் முழுதும் கன்னடத்தில் வாசித்துவிடுவாள். நான் கதையைத் தெரிந்துகொண்டு, அவருக்குத் தமிழில் சொல்வேன். முடிவு நன்றாக இல்லையென்றால் மாற்றிச் சொல்லிவிடலாம். படத்தில்தான் ஒரே தூசியாயிற்றே.

அன்று மத்தியானம் மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு நின்றது. அவரைச் சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தேன். நாங்கள் சாப்பாட்டு மேஜையில். கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கம்.

மஞ்சுளா பிளவுஸ் அளவு சொல்கிற குரலில்தான் ஆரம்பித்தாள். போகப்போக அவளையும் கதை இழுத்துக்கொண்டது. தியேட்டர் காலியாகிறது. கைக்குழந்தைக்காரி போய்விட்டாள். முறுக்கு விற்கிறவன் போய்விட்டான். மூச்சு மன்னனுக்கு நெற்றி நரம்பு புடைக்கிறது. செருப்புக்காரன் மட்டும் இன்னும் குனிந்தே இருக்கிறான். ஒற்றைச் செருப்பு கிடைத்துவிட்டது, இன்னொன்று கிடைக்கவில்லை.

அடுத்த பக்கத்தைப் புரட்டி, மனசுக்குள் படித்துவிட்டு மஞ்சுளா நிறுத்தினாள்.

“பேடா அக்கா.” வேண்டாம் என்றாள்.

“ஏன், என்னா ஆச்சு?” என்று கன்னடத்தில் கேட்டேன்.

“சத்தோக்தானெ அக்கா.” செத்துப்போகிறான்.

“பரவால்ல, படி. நான் அவர்கிட்ட மாத்திச் சொல்லிக்கிறேன்” என்றேன். அதையும் கன்னடத்தில்தான் சொன்னேன்.

அவள் படித்தாள். மூச்சு மன்னனுக்கு இரண்டே வழி. பேசாமல் நின்றால் மூச்சு தீர்ந்து இரண்டு பேருமே சாவார்கள். பேசினால் அந்த மூச்சு அதோடு போய்விடும். ஆனால் செருப்புக்காரனின் காதில் விழும். இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து அவன் ஒரே ஒரு சொல் சொல்கிறான்.

“ஓடு!”

கன்னடத்திலும் அதே சொல்தான். மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. அப்புறம் தூசி. கடைசிப் படத்தில் தெருவில் ஒருவன் வெறுங்காலோடு நின்று திரும்பிப் பார்க்கிறான்.

மஞ்சுளா மூக்கை உறிஞ்சினாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டெலிபோன் குரலை வரவழைத்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பினேன். “ஏங்க, விஷயம் தெரியுமா? உங்க ஆளு பொழச்சிட்டாரு!”

அவர் முகம் முழுக்க நனைந்திருந்தது.

இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. கன்னம் உப்பியிருந்தது. என்னையே பார்த்தார். தாடை கோணியது, எச்சில் வழிந்தது, தொண்டைக்குள் என்னவோ உருண்டது. பிறகு கனமாக, குழறலாக, ஆனால் தெளிவாக அது வந்தது.

“ஓடு.”

மஞ்சுளா துள்ளி எழுந்து கையைத் தட்டினாள். “அக்கா, மாத்து பந்த்து!” பேச்சு வந்துவிட்டது என்றாள். கேட்டதைத் திருப்பிச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். நானும் அந்த ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன்.

அவர் பிடியிலிருந்து கையை எடுத்தார். என்னைச் சுட்டிக் காட்டினார். பிறகு வாசல் கதவைக் காட்டினார்.

“ஓடு.”

நான் கன்னடத்தில் கேட்டுப் பார்த்தேன். “ஊட்டா பேக்கா, ரீ?” சாப்பாடு வேண்டுமா என்று.

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

டாக்டர் சொன்னது, கவிதா கேட்டது, நான் போதும் என்றது, கடவுள் அழைத்துக்கொள்ளட்டும் என்றது, எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது. எல்லாம் புரிந்திருக்கிறது. எப்போது அந்தப் பாஷை அவருக்குத் திரும்பி வந்தது என்று தெரியாது. ஒருவேளை போகவே இல்லையோ என்னவோ. அத்தனை மத்தியானமும் ஜன்னலைப் பார்த்தபடி, பதில் சொல்ல வாயில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

மஞ்சுளாவுக்கும் புரிந்துவிட்டது. புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு, தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று முழுக்க அவள் மெஷின் சத்தம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு

பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் ஒரு சொல் வந்ததை மட்டும் சொன்னேன். எந்தச் சூழ்நிலையில் என்று சொல்லவில்லை. அவள் உற்சாகமாக அவர் முன்னால் உட்கார்ந்து, “எங்க, ஓடு சொல்லுங்கப்பா, ஓ... டு” என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்துப் பாதி வாயால் சிரித்தார். சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் எதுவுமே சொல்லவில்லை.

நான்தான் பேசினேன். அலுத்துப்போனது நிஜம் என்று சொன்னேன். அதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் நீங்க இருக்கணும் என்று சொன்னேன். தமிழில் சொன்னேன், கன்னடத்தில் சொன்னேன். கேட்டுக்கொண்டார். சில நாள் இடது கையால் என் தலையைத் தொடுவார். சில நாள் வாசல் கதவைக் காட்டுவார்.

ஹோம் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை. கவிதா ஒரு தடவை எடுத்தாள். அவர் எதிரிலேயே தமிழில், முடியாது என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் அவருக்கு இடப் பக்கம் உட்கார்ந்து முதல் பாகத்தை மட்டும் வாசிப்பேன். ‘தொடரும்’ வந்ததும் இரண்டு பேரும் கன்னத்தை உப்பிக்கொள்வோம். முதலில் விடுவது நான்தான். இரண்டாம் பாகத்தை அவர் கேட்கவுமில்லை, நான் எடுக்கவுமில்லை.

அடுத்த மழைக்காலத்தில் பக்கவாதம் இன்னொரு தடவை வந்தது. டாக்டர் சொன்னபடிதான் நடந்தது. கஷ்டப்படவில்லை என்றார்கள். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு அத்திபெலேயிலிருந்து செல்வம் போன் செய்தார். துக்கம் விசாரித்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, “அம்மா, கேக்கறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. ரெண்டாம் பாகத்துல அவன் பொழச்சானா?” என்றார்.

“இல்லப்பா. போயிட்டான்” என்றேன்.

“அந்தச் செருப்பு தேடனவன்?”

“அவன் பொழச்சிட்டான். கத்தனது காதுல விழுந்துச்சு, ஓடிட்டான்.”

“அவன் ஒருத்தனுக்காகவா உயிர வுட்டான்?” என்று செல்வத்துக்கு ஒரே ஆத்திரம். எனக்கும் முன்பெல்லாம் அவன்மேல் அதே ஆத்திரம்தான். இப்போது வரவில்லை.

என் வீட்டுக்காரர் அத்தனை மாதம் சேர்த்து வைத்திருந்த மூச்சில் ஒரே ஒரு சொல் சொன்னார். தண்ணி என்று கேட்டிருக்கலாம். என் பெயரைச் சொல்லியிருக்கலாம். என்னைத் திட்டியிருந்தால்கூட நியாயம்தான். இடிந்து விழுகிற இடத்தில் குனிந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து ஓடிவிடச் சொன்னார்.

நான் ஓடவில்லை. கடைசிவரை அவர் காலடியில் உட்கார்ந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.